விதை காணாத வயல்களும் ஒரு குளவியும்

ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து பிரிந்துவரும் ராஜவாய்க்காலின் பாசனத்தில், பரமத்தி வேலூரைச் சுற்றிலும் பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கங்களிலும் வாழையும் வெற்றிலையும் கரும்பும் செழித்து நிற்பதையும், வாய்க்கால் தண்ணீர் ஏறாத கபிலர்மலைப் பக்கத்து மேட்டு நிலங்களில் மரவள்ளி வரிசை வரிசையாகக் குடை விரித்து நிற்பதையும் கண்டு மகிழ்கிறவர்கள் அநேகர். ஆனால், நெல்லும் தென்னையும் சில சில்லறைப் பயிர்களும் நீங்கலாக, இந்த வயல்களில் பெரும்பாலானவை விதை என்ற ஒன்றையே காணாதவை என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் சிலரே. வாழை பக்கக்கன்றிலிருந்து வருகிறது. கரும்பு கரணையிலிருந்து வருகிறது. வெற்றிலை, அகத்தி நிழலில், தாய்க்கொடியின் துண்டிலிருந்து படர்கிறது. மரவள்ளியோ, எங்கள் பக்கத்தார் அதற்கு இட்ட குச்சிக்கிழங்கு என்ற பெயருக்கேற்ப, சென்ற வருஷத்துச் செடியின் தண்டை வெட்டி நட்ட குச்சியிலிருந்து கிளம்புகிறது. இந்த ஊரின் ஜீவனோபாயமே ஆண் பெண் சேர்க்கையற்ற சந்ததிகளின் மீது நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

விதைக்கும் குச்சிக்கும் என்ன பேதம் என்று கேட்கலாம். விதை என்பது தாயின் பாதியும் தந்தையின் பாதியும் சேர்ந்து உண்டான ஒரு புதிய ஜீவன். பெற்றோர் இருவரின் மரபணுக்களும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாற்போல் ஒவ்வொரு விதையிலும் வேறு வேறு விதமாக விழுவதால், ஒரே காயின் விதைகளிலிருந்து முளைத்த செடிகள்கூட ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகளே தவிர, ஒன்றின் பிரதி மற்றொன்று அல்ல. பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, குணங்கள் கரைந்து போகாமல் தனித்தனி அலகுகளாகவே தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகின்றன என்று மெண்டல் என்ற பாதிரியார் 1866-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டதை உலகம் முப்பத்துநான்கு வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, 1900-இல்தான் திரும்பக் கண்டெடுத்தது. குச்சியிலோ கலைத்தல் என்ற காரியமே கிடையாது. தாய் எதுவோ அதுவே மகள், அதுவே பேத்தி, எப்போதாவது ஒரு மொட்டில் தற்செயலாக ஏற்படும் சிறு மாறுதலைத் தவிர, நூறு வருஷம் சென்றாலும் அதே செடிதான் வேறு வேறு வயல்களில் நிற்கிறது.

இதில் லாபம் இல்லாமல் நம் முன்னோர்கள் இதைக் கைக்கொண்டிருக்க மாட்டார்கள். வேலூர் வாழைத்தார் ஏலத்துக்கு ஒரு நாள் போய் நின்றால் இந்த லாபம் கண்கூடாகத் தெரியும். பூவன் என்று கூவினால் அது பூவன்தான். ரஸ்தாளி என்றால் ரஸ்தாளி. பச்சைநாடன், கற்பூரவல்லி, மொந்தன் என்று ஒவ்வொன்றுக்கும் தோலும் மணமும் சுவையும் பெயர் மாறாமல் இருப்பதனாலன்றோ பழத்தை உரித்துப் பாராமலே வியாபாரி விலை கேட்கிறார்? வாழைக்கு வேறு வழியும் இல்லை. காட்டு வாழை இனங்கள் இரண்டின் கலப்பில் உண்டான இந்த வகைகளுக்கு, இரண்டு தொகுதியாக இருக்கவேண்டிய குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக அமைந்துவிட்டபடியால், பாதி பாதியாகப் பிரித்துக்கொடுக்க முடியாமல் விதையே அற்றுப் போயிற்று; நாம் தின்னும் பழத்தில் கொட்டை இல்லாததன் காரணமும் அதுவே. வெற்றிலையிலும் இப்படியே. நூற்றுநான்கு கவுளி கட்டிய ஒரு சுமை வெள்ளைக்கொடியில் ஓர் இலை மற்றோர் இலையைப் போலவே இருக்கவேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்க்கிறார். தாய்க்கொடியின் துண்டு அந்த எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறது.

ஆயினும் பிரகிருதி எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. வயல் முழுவதும் ஒரே செடியின் பிரதிகளாக இருக்கும்போது, ஒன்றை வெல்லக் கற்ற சத்துரு அத்தனையையும் வென்றுவிடுகிறது. தம் கடைசி ஏழு வருஷங்களை நம் தேசத்திலேயே கழித்து, இந்தியப் பிரஜையாகவே 1964-இல் புவனேசுவரத்தில் காலமான ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற மேதை, 1949-இல் நோயையும் பரிணாமத்தையும் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இந்த விஷயத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் எந்த வகை அதிகமாக இருக்கிறதோ அதற்கேற்பவே தம்மைப் பழக்கிக்கொள்கின்றன. ஆகையால் அபூர்வமாயிருப்பதே ஒரு பாதுகாப்பு. ஜீவராசிகளில் இத்தனை விதங்கள் இருப்பதற்கு இந்தப் போராட்டம் ஒரு முக்கிய காரணம் என்பது அவருடைய கருத்து. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தின்ற வாழைப்பழமெல்லாம் ஏறக்குறைய குரோஸ் மிஷேல் என்ற ஒரே வகையாக இருந்து, மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைக் காளானின் வாடல் நோய்க்கு இரையாகி, 1960-களுக்குள் வியாபாரத்திலிருந்தே மறைந்துபோன சரித்திரம் அதற்குச் சாட்சி. அதே வாடல் நோயின் ஓர் இனம்தான் நம் ரஸ்தாளித் தோட்டங்களையும் வாட்டுகிறது. பூவன் அதைத் தாங்கிக்கொள்கிறது. பல வகைகளை வைத்துப் பயிர் செய்த நம் ஊர்ப் பழக்கம், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் ஆபத்துக்கு எதிரான ஏற்பாடாக அமைந்திருக்கிறது.

மரவள்ளியில்தான் அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்து, திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜாவின் ஆதரவால் ஏழைகளின் ஆகாரமாகிய இந்தக் கிழங்கு, சேலத்துக்கு அடுப்பங்கரைப் பொருளாக மட்டுமன்றி ஆலைச் சரக்காகவும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, இங்கேயே கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்படும் அளவுக்கு அத்தொழில் பெருகியது. ஆலைக்காரர் கிழங்கை எடை போட்டு மட்டும் வாங்குவதில்லை; மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று மெஷினில் பார்த்து விலை பேசுகிறார். பாயிண்ட் ஏறினால் டன்னுக்கு விலை ஏறும் என்றால், எந்தக் குடியானவர்தான் பாயிண்ட் குறைந்த குச்சியை நடுவார்? திருவனந்தபுரத்தில் 1963-இல் தோன்றிய மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட ஹெச்-226, ஹெச்-165 போன்ற கலப்பு வகைகளும், முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து வெள்ளை முதலிய வகைகளுமாக விரல்விட்டு எண்ணக்கூடிய சில தாய்ச்செடிகளே சேலம் நாமக்கல் சமவெளி முழுவதும் பிரதியெடுக்கப்பட்டு நிற்கின்றன.

இந்தப் பிரதிகளைத் தேடிக்கொண்டு ஒரு விருந்தாளி வந்தது. 2020-ஆம் ஆண்டில் திருச்சூரில் முதன்முதலாக இந்தியாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, வெகு சீக்கிரத்தில் நம் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. நோய் கண்ட செடியின் நுனிக் குருத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், இலைகள் சுருண்டு ஒன்றோடொன்று நெருங்கி முடிச்சிட்டாற்போலிருக்க, அடிப்புறத்தில் அரிசி மாவைத் தூவியதுபோல் வெண்பொடி படிந்திருக்கும். விரலால் அந்தப் பொடியை ஒதுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பான சிறு உடல்கள், நரம்போரமாக வாயை ஊன்றி, அசையாமல் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவற்றின் கழிவான தேன்நீருக்காக எறும்புகள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும். கணுக்கள் குறுகிச் செடி வளைந்து நின்றுவிட்டபிறகு, கிழங்கு பருக்க அதனிடம் சத்து ஏது?

இந்தப் பூச்சியில் ஒரு விசேஷம் உண்டு. இதில் ஆணே கிடையாது. ஒவ்வொன்றும் பெண், ஒவ்வொரு பெண்ணும் கலவியின்றியே நானூறு முட்டை வரை இடும், முட்டையிலிருந்து வருபவை அத்தனையும் பெண்கள், அவையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டையிடத் தயாராகிவிடும். நானூறும் பிழைத்து, அந்த நானூற்றில் ஒவ்வொன்றும் நானூறு இட்டு, அவையும் அவ்வாறே செய்தால், மூன்றாம் தலைமுறையில் ஒரே தாய்க்கு 6 கோடியே 40 லட்சம் சந்ததிகள். இப்படிப் பெருக வல்ல ஜீவராசிகள் ஏன் பூமியை மூடிவிடவில்லை என்ற கேள்வியை மால்தூஸ் மனிதர்களைப் பற்றி எழுப்பினார்; அதைப் படித்த டார்வினுக்குப் பரிணாமத்தின் சூட்சுமம் புலப்பட்டது. பிறப்பவற்றில் மிகப் பெரும்பான்மை மடிகிறது என்பதே விடை. எது மடிகிறது, எது பிழைக்கிறது என்பதில்தான் பரிணாமத்தின் வேலை நடக்கிறது. மழை அடித்துச் செல்கிறது, வெயில் காய்ச்சுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்துருக்கள் தின்கின்றன. நம் நாட்டில் இந்தப் பூச்சிக்கு மழை இருந்தது, வெயில் இருந்தது. அதை மட்டுமே நாடித் தின்னும் ஜன்ம சத்துரு இருக்கவில்லை. சத்துருவை ஊரில் விட்டுவிட்டு வந்த பூச்சி அது.

அந்தச் சத்துருவைத் தேடிய கதையைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். 1973-இல் ஆப்பிரிக்காவின் காங்கோப் பிரதேசத்தில் இந்த மாவுப்பூச்சி தோன்றி, சில இடங்களில் நூற்றுக்கு 80 பங்கு கிழங்கை நாசமாக்கியபோது, அதற்கு எதிரியைத் தேடிச் சென்ற விஞ்ஞானிகள் தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியின் மேல் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதைத் தின்னும் குளவிகளைப் பிடித்து வந்து விட்டார்கள். குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றிய அவை வேறு வேறு இனங்கள். வட பிரதேசத்துப் பூச்சியில் ஆண் உண்டு, ஆப்பிரிக்காவுக்கு வந்ததில் ஆண் இல்லை என்ற பேதமே பின்னர் உண்மையை உடைத்தது. மறுபடி தேடி, 1981-இல் பராகுவே நாட்டில் சரியான பூச்சியையும், அதற்குள்ளே முட்டையிட்டு வாழும் அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியையும் கண்டார்கள். நைஜீரியாவின் இபாதான் நகரத்துச் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஹெரன் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் அதைப் பெருக்கி, வண்டியிலும் ஆகாய விமானத்திலும் கொண்டுபோய்த் தேசம் தேசமாக விடச்செய்தார். அதற்காக 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தேடுகிறவனுக்கு இனம் பிரித்து அறியத் தெரியாவிட்டால் பிரயாணச் செலவெல்லாம் வீண் என்பதை, உயிரினப் பெயரிடும் சாஸ்திரத்தைத் தூசிபடிந்த அலமாரி வேலையாக நினைக்கும் நம் பல்கலைக்கழகத்தார் கவனிப்பார்களாக.

அதே குளவியை, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் வரவழைத்து, வேறு பிராணிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று அடைத்துவைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிலையத்தார் 2022 மார்ச்சில் நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் உட்பட்ட ஜந்து அது, கொட்டாது, கையில் வந்து உட்கார்ந்தாலும் கொசுக்குஞ்சு என்று ஊதிவிடுவோம். தாய்க்குளவி மாவுப்பூச்சியைக் கொம்புகளால் தட்டிப் பார்த்து, அதன் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்துகிறது. முட்டையிலிருந்து வந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. பூச்சி உப்பிப் பழுப்பேறி உலர்ந்த கூடாகிவிட, மூன்று வாரத்துக்குள் அக்கூட்டில் வட்டமாக ஒரு துளையிட்டுப் புதுக் குளவி வெளியே வருகிறது. இவ்வகைக் குளவிகளின் வாழ்வைக் கண்டு, கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860-இல் தம் நண்பருக்கு எழுதினார். அவருக்கு மரவள்ளி நிலம் இருந்திருந்தால் அபிப்பிராயம் சற்று மாறியிருக்குமோ என்னவோ.

இந்தக் குளவியின் குடும்ப முறை விநோதமானது. கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டை ஆணாகும். எது வேண்டும் என்பதைத் தாயே தீர்மானிக்கிறது. பெரிய பூச்சி கிடைத்தால் அதில் பெண் முட்டையும், சிறியது கிடைத்தால் ஆண் முட்டையும் இடுவது அதன் வழக்கம். நல்ல ஆகாரம் கிடைத்த மகளே நிறைய முட்டை இடுவாள் என்பதால், இந்த விவேகம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைத்தது. ஒரு வேடிக்கை பாருங்கள்: நம் வயலிலுள்ள செடிக்குச் சேர்க்கை கிடையாது, அதை உறிஞ்சும் பூச்சிக்கும் சேர்க்கை கிடையாது, மூன்றாமவராகிய குளவி ஒன்றே கலவியால் மரபணுக்களைக் கலைத்துப் புதுப்பித்துக்கொள்கிறது. பூச்சி தப்பும் வழி கண்டுபிடிப்பதற்குள் குளவி அதைப் பின்தொடர வல்லதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

“மருந்தடிச்சா ஒரே நாள்ல செத்துப்போகுமுங்களே, குளவி எப்பங்க தின்னு தீர்க்கும்?” என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, வட்டிக்கு வாங்கிய பணம் காட்டில் நிற்கும்போது பொறுமையை உபதேசிப்பது எளிதன்று. ஆனால் பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப்பொடி மருந்தைத் தடுக்கிறது. குளவிக்கோ அத்தகைய போர்வை இல்லை. மருந்தடித்த வயலில் முதலில் சாவது காவற்காரன். மிஞ்சிய பூச்சிகள், தடுப்பாரின்றி, முன்னிலும் வேகமாகப் பெருகுகின்றன. மேலும் குளவி ஒருபோதும் பூச்சியைப் பூண்டோடு அழிக்காது, அழிக்கவும் கூடாது. பூச்சி பெருகினால் குளவி பெருகும். பூச்சி குறைந்தால் இரையின்றிக் குளவியும் குறையும். இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டும் ஒரு தாழ்ந்த மட்டத்தில் வந்து நிற்பதே நாம் வேண்டும் சமநிலை. வயலில் பத்துப் பூச்சி கண்டவுடன் பதறி மருந்துக்கடைக்கு ஓடுகிறவர், குளவியின் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பறிக்கிறார்.

இது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுத் தரிசுகளையெல்லாம் மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-இல் இலங்கையிலிருந்து வந்த ஒரு செதிள்பூச்சி சில வருஷங்களிலேயே தின்று அடக்கியதைக் கண்ட தலைமுறை இப்போது இல்லை. 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, போர்ட்டோ ரிகோவிலிருந்து 2010-இல் கொண்டுவந்த குளவிகளால் தணிந்ததையோ நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். கண்டும் என்ன? ஆபத்து தணிந்தவுடன் குளவி வளர்த்த கூண்டுகள் மூலைக்குப் போகின்றன. அடுத்த பூச்சி வந்தபோது முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறோம்.

ஆகையால் நான் வேண்டுவது இது. ராஜவாய்க்காலைத் தூர்வாருவது எப்படி வருஷந்தோறும் செய்யவேண்டிய பொதுக்காரியம் என்று கருதுகிறோமோ, அப்படியே குளவி வளர்ப்பும் பொதுக்காரியமாகக் கருதப்பட்டு, பரமத்தி வேலூர் வட்டாரத்திலேயே நிரந்தரமாக ஒரு வளர்ப்பகம் இருக்கவேண்டும். நல்ல மரவள்ளிச் செடிகளும், கூண்டுகளும், பழகிய இரண்டு மூன்று ஆட்களுமே அதற்கு மூலதனம். அதைவிட அவசரமானது குச்சி விஷயம். ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்கு லாரி லாரியாகப் போகும் குச்சிகளில்தான் மாவுப்பூச்சியும், வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயும் இலவசமாகப் பிரயாணம் செய்கின்றன. தாயின் நோய் குச்சி வழியே மகளுக்கும் பேத்திக்கும் இறங்குகிறது. தை மாசியில் நடவுக்கு முன்பே சுத்தமான குச்சிகளை வளர்த்துக் கொடுக்கும் தோட்டங்கள் வட்டாரந்தோறும் வேண்டும். அங்கே ஒரே வகையை மட்டும் வளர்க்காமல், நைஜீரியாவிலிருந்து வந்து ஸ்ரீ பத்மநாபா என்று இங்கே பெயர் பெற்ற தேமல் தாங்கும் வகையும், ஏத்தாப்பூரின் வெளியீடுகளும், பழைய முள்ளுவாடியும் அடுத்தடுத்த பாத்திகளில் நிற்கவேண்டும். 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இன விருத்தி நிலையத்தார், ஆற்றோர நாணலின் இனத்ததாகிய ஒரு காட்டுப்புல்லைக் கரும்போடு கலந்தே வட இந்தியாவின் கரும்பு விவசாயத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அன்று ஒருவருக்கும் பிரயோஜனமாகத் தோன்றாத ஒரு புல் கைவசம் இல்லாதிருந்தால் அந்தக் காரியம் நடந்திராது. இன்று பாயிண்ட் குறைவு என்று நாம் ஒதுக்கும் குச்சியில் நாளைய பூச்சிக்கு மாற்று இருக்கக்கூடும்.

வகைகள் கலந்தால் சரக்கு ஒருசீராக இராது என்று ஆலைக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் பாயிண்டை இப்போதும் ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனியேதான் பார்க்கிறார்கள். இனியும் அப்படியே பார்த்து, வகைக்குத் தக்க விலை கொடுப்பதில் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டம் வருமேயானால் அது குடியானவருக்கு, பாயிண்ட் குறைந்த பாத்தியின் அளவுக்கு. ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கை வேறு வகைக்கு ஒதுக்குகிறவருக்கு அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, ஜவ்வரிசி மூட்டை ஒன்றுக்கு ஒரு சிறு தொகையைச் சேகோசர்வ் மூலமாகவே வசூலித்துத் தனி நிதியாக வைப்பது சாத்தியமான காரியம். கிழங்கு இல்லாத வருஷத்தில் ஆலையும் இல்லை என்பது அந்த முதலாளிகளுக்கும் தெரியும்.